மாஸ்டா எம்எக்ஸ்-5 வைத்திருப்போரும் வாங்க நினைப்போரும் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கூரையை மடித்துவிட்டு ஓட்டும் இரண்டு சீட்டு கார் ஒன்றை வைத்திருந்தால், சந்திக்கிறவர்கள் எல்லாம் ஏறக்குறைய ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். வாங்க ஆசைப்படுபவர்கள் ஒரு பக்கம், வாங்கிவிட்டு முழிப்பவர்கள் இன்னொரு பக்கம். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் சொல்வதைவிட ஒரே இடத்தில் எழுதி வைத்துவிடலாம் என்று தொகுத்தது இது. 1989இலிருந்து 2005 வரை வந்த முதல் இரண்டு தலைமுறைகளைப் பற்றி மட்டும் பேசுகிறேன். வைத்திருப்பவர்கள் அவற்றை என்ஏ, என்பி என்பார்கள். நான் இருப்பது இங்கிலாந்தில் என்பதால் மழையும் சாலை உப்பும் அடிக்கடி வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எம்எக்ஸ்-5, மியாட்டா, யூனோஸ் என்று மூன்று பெயர் சொல்கிறார்களே, மூன்றும் வேறு வேறு காரா?

ஒரே கார்தான். ஜப்பானில் முதல் தலைமுறைக்கு யூனோஸ் ரோட்ஸ்டர், வட அமெரிக்காவில் மியாட்டா, மற்ற இடங்களில் பெரும்பாலும் எம்எக்ஸ்-5. 1989 பிப்ரவரியில் சிகாகோ கண்காட்சியில் முதலில் காட்டினார்கள். 1960களின் பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார்கள் தந்த சுகத்தை, தினமும் காலையில் தகராறு இல்லாமல் ஸ்டார்ட் ஆகும் ஒரு காரில் கொடுக்க வேண்டும் என்பதுதான் யோசனை. 2016 ஏப்ரலில் பத்து லட்சமாவது கார் ஹிரோஷிமாவில் வெளியே வந்தது.

அடையாளம் எளிது. பொத்தானை அழுத்தினால் ஹெட்லைட் எழும்பி வந்தால் அது என்ஏ (1989–97). ஹெட்லைட் நிலையாக இருந்து, கூரையின் பின்னால் நிஜக் கண்ணாடி இருந்தால் என்பி (1998–2005). என்ஏ முதலில் 1.6 லிட்டர் இஞ்சினோடு வந்தது, 1994 மாடலிலிருந்து 1.8ம் உண்டு. பிரிட்டனில் 1995 முதல் விற்ற மலிவு 1.6 இஞ்சினில் திறனைக் குறைத்துச் சுமார் 90 குதிரைத்திறன்தான் வைத்தார்கள். விளம்பரத்தில் இதைச் சொல்ல மாட்டார்கள், நாம்தான் கேட்க வேண்டும்.

இரண்டு பேர்தான் போகலாம் என்றால் குழந்தையை எப்படி ஏற்றுவது?

பின் சீட்டே இல்லாததால் முன்னால்தான். பின்னோக்கிப் பார்க்கும் கைக்குழந்தை சீட்டை, ஏர்பேக் வேலை செய்யும் இருக்கையில் வைக்கவே கூடாது. பிரிட்டனில் அது சட்டப்படியும் தவறு. மற்றபடி 12 வயது அல்லது 135 செ.மீ. உயரம், இரண்டில் எது முதலில் வருகிறதோ அதுவரை குழந்தை சீட் கட்டாயம். “இதற்கு ஏழு சீட்டு வண்டி வாங்கியிருக்கலாமே” என்று கேட்கும் சித்தப்பாவுக்கு என்னிடம் பதில் இல்லை.

வாங்கப் போகும்போது முதலில் எதைப் பார்க்க வேண்டும்? இஞ்சினையா?

இஞ்சினைக் கடைசியில் பாருங்கள். முதலில் குனிந்து, கதவுக்குக் கீழே முன் சக்கரத்திலிருந்து பின் சக்கரம் வரை ஓடும் பெட்டி போன்ற தகட்டைப் பாருங்கள். அதைத்தான் சில் என்கிறார்கள். பின் சக்கரத்துக்குச் சற்று முன்னால் அது முடியும் இடம் இந்தக் காரின் மரண ஸ்தானம். பெயின்ட் கொப்புளம் போட்டிருக்கிறதா, விரலால் அழுத்தினால் நொறுங்குகிறதா, மெல்லிய காந்தம் ஒட்டாமல் நழுவுகிறதா என்று பாருங்கள். காந்தம் ஒட்டாத இடத்தில் தகடு இல்லை, பட்டி பார்த்து பெயின்ட் அடித்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.

என்பி என்றால் இன்னொரு இடமும் உண்டு. முன்பக்கத்தில் சஸ்பென்ஷனையும் பம்பரையும் தாங்கும் நீளமான சேஸிஸ் தண்டுகள் இரட்டைத் தகடாக இருக்கும். நடுவில் ஈரம் புகுந்து உள்ளேயிருந்து துரு தின்னும். வெளியே நன்றாகத் தெரியும் தண்டு ஒரு பக்கம் லேசாகப் புடைத்திருந்தால் சந்தேகப்படுங்கள். காரை உயர்த்திப் பார்க்காமல் என்பி வாங்காதீர்கள்.

பிரிட்டனில் ஒரு வசதி இருக்கிறது. பதிவு எண்ணை அரசுத் தளத்தில் போட்டால் அந்தக் காரின் வருடாந்தர எம்ஓடி சோதனை வரலாறு இலவசமாகக் கிடைக்கும். “சில்லில் துரு” என்ற எச்சரிக்கை இரண்டு மூன்று வருடம் வரிசையாக வந்து, பிறகு ஒரு வருடம் திடீரென்று காணாமல் போயிருந்தால், வெல்டிங் செய்த பில்லைக் கேளுங்கள். பில் இல்லையென்றால் கறுப்புப் பூச்சு பூசி மறைத்திருக்கலாம்.

1,50,000 மைல் ஓடிய இஞ்சின். பயமில்லாமல் வாங்கலாமா?

ஒழுங்காக ஆயில் மாற்றியிருந்தால் பயப்பட ஒன்றுமில்லை. இரும்பு பிளாக் கொண்ட, அதிகச் சிரமம் கொடுக்காத இஞ்சின். மைலைவிட துருதான் இந்தக் காரைச் சாகடிக்கிறது.

ஒரே ஒரு விதிவிலக்கு, 1990, 91 வாக்கில் வந்த ஆரம்பகால 1.6. அதன் கிராங்க் ஷாஃப்டின், அதாவது பிஸ்டன்களின் அசைவைச் சுழற்சியாக மாற்றும் தண்டின், முன்முனை குட்டையாக இருக்கும். வால்வுகளைத் திறக்கும் கேம் தண்டுகளைக் கிராங்கோடு சேர்த்துச் சுற்றவைக்கும் டைமிங் பெல்ட்டை மாற்றியவர்கள் முன்னாலுள்ள பெரிய போல்ட்டைச் சரியாக இறுக்காமல் விட்டிருந்தால், புல்லியைப் பிடித்து நிறுத்தும் ‘கீ’ என்ற சிறு இரும்புத் துண்டு உட்காரும் பள்ளம் தேய்ந்து புல்லி ஆடத் தொடங்கும். வண்டி சோர்ந்து இழுக்கும், டைமிங் தவறும். பானெட்டைத் திறந்து கிராங்க் புல்லியைப் பாருங்கள். முகப்பில் நான்கு வெட்டு இருந்தால் பழைய குட்டை முனை, எட்டு இருந்தால் திருத்திய வகை. நான்கு வெட்டு இருப்பதாலேயே வேண்டாம் என்று ஓடிவிட வேண்டியதில்லை. இஞ்சின் ஓடும்போது புல்லி நேராகச் சுற்றுகிறதா என்று பார்த்தால் போதும்.

டைமிங் பெல்ட் அறுந்தால் இஞ்சின் போச்சா?

என்ஏ இஞ்சினில் போகாது. பெல்ட் அறுந்தாலும் வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளாத அமைப்பு. வண்டி நட்ட நடு ரோட்டில் நின்றுவிடும், அவ்வளவுதான். இருந்தாலும் 60,000 மைலுக்கு ஒருமுறை மாற்றிவிடுங்கள். குறைவாக ஓடும் கார்களுக்கு மைலைவிட வயதுதான் கணக்கு, ரப்பர் சும்மா இருந்தாலும் கிழடாகும்.

மாற்றும்போது வாட்டர் பம்ப், டென்ஷனர், கிராங்க் மற்றும் கேம் ஆயில் சீல்கள் எல்லாவற்றையும் சேர்த்து மாற்றச் சொல்லுங்கள். அங்கே போய்ச் சேர்வதற்குத்தான் கூலி, சாமான் விலை குறைவு. மேலே சொன்ன கிராங்க் போல்ட்டைக் கணக்குப்படி டார்க் ஸ்பேனரால் இறுக்கினார்களா என்று கேட்கத் தவறாதீர்கள்.

சீட்டுக்குப் பின்னால் கார்பெட் நனைந்திருக்கிறது. கூரை கிழிந்துவிட்டதா?

பெரும்பாலும் இல்லை. கூரையின் மேல் விழும் மழை பின்பக்கம் வழிந்து, கூரையின் அடியில் தைத்திருக்கும் ஒரு பிளாஸ்டிக் வாய்க்காலில் இறங்கும். ஓட்டு வீட்டில் இரண்டு சரிவு சேரும் இடத்தில் தகரம் போட்டிருப்பார்களே, அந்த வேலைதான் அதற்கு. அங்கிருந்து இடமும் வலமுமாகப் பிரிந்து, சீட் பெல்ட் தூண்களுக்குப் பின்னால் இருக்கும் இரண்டு துளைகள் வழியாகக் கீழே இறங்கி, பின் சக்கரத்துக்கு முன்னால் தரையில் விழ வேண்டும். மரத்தடியில் நிறுத்தும் காரில் இலை, மகரந்தம், பூசணம் எல்லாம் சேர்ந்து அந்தத் துளையைச் சேறாக அடைத்துவிடும். அப்புறம் தண்ணீருக்குப் போக்கிடம் இல்லை. காருக்குள் வழியும், சில்லுக்குள்ளும் இறங்கும். மேலே சில்லின் பின்முனை மரண ஸ்தானம் என்றேனே, காரணம் இதுதான். வெளியே தெறிக்கும் உப்புநீர் பாதி, உள்ளேயிருந்து வரும் மழைநீர் பாதி.

சோதிக்க ஒரு குவளைத் தண்ணீரைத் துளைக்குள் மெதுவாக ஊற்றுங்கள். உடனே கீழே விழுந்தால் சரி. சொட்டுச் சொட்டாக வந்தாலோ வராமலே போனாலோ அடைப்பு. புல்வெட்டும் மிஷினில் போடும் தடித்த நைலான் கம்பியை விட்டு மேலும் கீழும் ஆட்டினால் திறந்துகொள்ளும். துணி உலர்த்தும் ஹேங்கர் கம்பியை நிமிர்த்தி விடுபவர்களைப் பார்த்திருக்கிறேன், வேண்டாம். குழாயைக் குத்திக் கிழித்துவிட்டால் அடைப்பைவிட மோசம். வருடத்துக்கு இருமுறை, இலையுதிர்காலத்துக்கு முன்னும் பின்னும் பார்த்துவிட்டால் போதும். இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு வேலையைத்தான் செய்வேன் என்றால் இதைச் செய்யுங்கள்.

துளை சுத்தமாக இருந்தும் நனைகிறது என்றால் அந்த பிளாஸ்டிக் வாய்க்கால் விரிசல் விட்டிருக்கும். தனியாகக் கிடைக்கும், ஆனால் கூரையைக் கழற்றித்தான் மாட்ட வேண்டும். ஆகவே கூரை மாற்றும்போது அதையும் புதிதாகப் போட்டுவிடுவது புத்திசாலித்தனம். சீட்டின் முன்பக்கம், கால் வைக்கும் இடம் நனைந்தால் அது வேறு வழி. கதவுக் கண்ணாடியின் மேல்முனையில் கூரை ரப்பர் சரியாக உட்காரவில்லை என்று பொருள்.

பின்னால் இருக்கும் பிளாஸ்டிக் ஜன்னல் மங்கிப்போய் ஒன்றும் தெரியவில்லை. என்ன செய்வது?

இது என்ஏவின் பிரச்சினை. லேசான மங்கல் என்றால் பிளாஸ்டிக்குக்கான பாலிஷ் போட்டுத் தேய்த்தால் ஓரளவு தெளியும். பழுப்பேறி விறைத்துவிட்டால் தேய்த்துப் பயனில்லை. கூரைத் துணி நன்றாக இருந்தால் ஜன்னல் பகுதியை மட்டும் மாற்றலாம். துணியும் போய்விட்டதென்றால் கண்ணாடி ஜன்னலோடு வரும் கூரையாகவே போடுங்கள், என்ஏவின் கூரைச் சட்டத்திலும் பொருந்தும்.

பிளாஸ்டிக் இருக்கும்வரை ஒரு பழக்கம் வேண்டும். கூரையை மடிக்கும் முன் ஜிப்பைத் திறந்து ஜன்னலைத் தட்டையாகப் படுக்க வைத்துவிட்டு மடியுங்கள். கடுங்குளிரில் மடிக்கவே மடிக்காதீர்கள். விறைத்த பிளாஸ்டிக் மடிப்பில் உடையும்.

கூரையைக் கார் வாஷில் கழுவலாமா?

சுழலும் பிரஷ் உள்ள கார் வாஷ் கூடாது. பிரஷர் நீரைத் தையலுக்கும் ரப்பர் ஓரத்துக்கும் அருகே அடிக்கவும் கூடாது. வாளி, மென்மையான பிரஷ், கூரைக்கென்று விற்கும் சோப்பு, நல்ல தண்ணீர். துணிக் கூரை என்றால் காய்ந்த பிறகு நீர் ஒட்டாத திரவம் அடிக்க வேண்டும், வினைல் என்றால் வினைலுக்கான பூச்சு. ஈரத்தோடு மடித்து வைத்தால் பூசணம் பிடித்து நாற்றம் வரும், அது லேசில் போகாது.

காலையில் ஸ்டார்ட் செய்தால் டக் டக் என்று சத்தம் வருகிறது. பெரிய செலவா?

என்ஏ என்றால் பெரும்பாலும் இல்லை. வால்வுகளைத் தள்ளும் லிஃப்டர்கள் ஆயில் அழுத்தத்தால் வேலை செய்பவை. வண்டி நாள்கணக்கில் நின்றாலோ ஆயில் பழையதாகிவிட்டாலோ அவற்றில் ஆயில் வடிந்துவிடும், நிரம்பும்வரை தட்டும். நல்ல ஆயிலும் ஃபில்டரும் மாற்றி, இஞ்சினை நன்றாகச் சூடேற்றி ஒரு நீளமான ஓட்டம் ஓட்டினால் பல கார்களில் குறைந்துவிடும். என்பியின் 1.8 இஞ்சினில் லிஃப்டர்கள் திடமானவை. அங்கே தட்டினால் மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.

ஆயில் ஃபில்டர் இன்டேக் மேனிஃபோல்டுக்கு அடியில் ஒளிந்திருக்கும். கையை மடக்கி விட்டுத்தான் கழற்ற முடியும், கழற்றியதும் ஆயில் முழங்கைவரை வழியும். இஞ்சின் வெதுவெதுப்பாக இருக்கும்போது செய்யுங்கள், கொதிக்கும்போது வேண்டாம்.

இஞ்சினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவில் ஆயில் சொட்டுகிறது. கியர்பாக்ஸை இறக்க வேண்டும் என்கிறார்கள், உண்மையா?

இறக்க ஒப்புக்கொள்ளும் முன் ஒன்றைப் பாருங்கள். என்ஏவில் சிலிண்டர் ஹெட்டின் பின்முனையில் கேம் கோணத்தை அளக்கும் சென்சார் செருகியிருக்கும். அதன் ரப்பர் ஓ-ரிங் வயதானால் விறைத்துவிடும். அங்கிருந்து ஒழுகும் ஆயில் இஞ்சினின் பின்பக்கமாக வழிந்து, சரியாகக் கியர்பாக்ஸ் சேரும் இடத்தில் வந்து சொட்டும். பார்ப்பவர்கள் கிராங்கின் பின் சீல் போய்விட்டது என்று நினைப்பார்கள். ஓ-ரிங்கின் விலை ஒரு டீ செலவு, கை நுழைவதுதான் கஷ்டம்.

கழற்றும் முன் சென்சார் இருந்த நிலையைப் பெயின்ட் கோடு போட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். அதைத் திருப்பினால் இக்னிஷன் டைமிங் மாறும். பின்னால் வேறொரு கேள்வியில் இது திரும்ப வரும்.

ரேடியேட்டர் மேல்பக்கம் பச்சையும் பழுப்புமாகிவிட்டது. அழுக்கா?

அழுக்கு இல்லை, முடிவு நெருங்குகிறது. மேலே உள்ள பிளாஸ்டிக் தொட்டி புதிதில் கறுப்பு. சூட்டில் வருடக்கணக்காக வெந்து நிறம் மாறும், அதன் பிறகு ஒருநாள் நெடுக விரிசல் விடும். ஒழுகும் முன்பே மாற்றுங்கள். கூலன்ட் நிரப்பும்போது காரின் மூக்கை உயர்த்தி, ஹீட்டரைத் திறந்து வைத்துக் காற்றை வெளியேற்றுங்கள்.

டிக்கியில் ஏன் பேட்டரி? எந்த பேட்டரியும் போடலாமா?

எடை முன்னும் பின்னும் சமமாக இருக்க வேண்டும் என்றுதான் பின்னால் வைத்தார்கள். எந்த பேட்டரியும் போடக்கூடாது. மூடிய டிக்கிக்குள் வாயு சேரக்கூடாது என்பதற்காக பேட்டரியிலிருந்து இரண்டு மெல்லிய குழாய்கள் தரைவழியாக வெளியே போகும். அந்தக் குழாய் மாட்டும் வசதி உள்ள பேட்டரிதான் வேண்டும். சாதாரண பேட்டரியை வைத்தால் அமிலப் புகை சுற்றியுள்ள தகட்டைத் தின்னும். டிக்கியின் அந்த மூலையில் துருவைப் பார்த்தால் முந்தைய சொந்தக்காரர் என்ன செய்தார் என்று புரிந்துவிடும்.

குளிரில் இரண்டாவது கியர் விழ மறுக்கிறது. கியர்பாக்ஸ் போய்விட்டதா?

ஆயில் சூடாகும்வரை இரண்டாவது கியர் முரண்டு பிடிப்பது இந்தக் காரின் குணம். முதல் சில நிமிடம் நிதானமாகப் போடுங்கள். 75டபிள்யூ-90, ஜிஎல்-4 தர கியர் ஆயிலாக மாற்றினால் பெரும்பாலும் மென்மையாகும். கியர் கம்பி நிற்கும் குழிக்குள் தனியாகக் கொஞ்சம் ஆயில் இருக்கும், அதையும் மாற்றுங்கள். அங்கே உள்ள ரப்பர் உறை கிழிந்திருந்தால் காருக்குள் சூடும் இரைச்சலும் வரும்.

சூடான பிறகும் எல்லா கியரும் உரசினால் கிளட்ச் பக்கம் பாருங்கள். கியர்பாக்ஸின் பக்கவாட்டில் இருக்கும் ஸ்லேவ் சிலிண்டர் அடிக்கடி ஒழுகும். கிளட்ச் ஆயில் குறைகிறது, பெடல் தரையைத் தொடுகிறது என்றால் அதுதான். சாமான் மலிவு, வேலையும் எளிது.

ஹேண்ட்பிரேக் பிடிக்கவே இல்லை. கேபிளை இறுக்கினால் போதுமா?

போதாது. பின் பிரேக் காலிப்பர், அதாவது பேடுகளை டிஸ்க்கில் அழுத்தும் பாகம்தான் விஷயம். அதன் பின்புறம் ஒரு 14 மி.மீ. போல்ட் இருக்கும். அதைக் கழற்றினால் உள்ளே 4 மி.மீ. எல்-கீ நுழையும் திருகு தெரியும். அதைத் திருகிப் பேடு டிஸ்க்கைத் தொடும்வரை கொண்டுவந்து, பிறகு சக்கரம் தடையின்றிச் சுற்றும் அளவுக்குக் கொஞ்சம் தளர்த்த வேண்டும். கேபிள் அதற்குப் பிறகுதான். புதுப் பேடு போடும்போதும் பின் பிஸ்டனை அழுத்தி உள்ளே தள்ள முடியாது, இதே திருகால்தான் உள்ளிழுக்க வேண்டும். இது தெரியாமல் பெரிய கிளாம்ப் போட்டு நெரித்துக் காலிப்பரை உடைப்பவர்கள் உண்டு.

ஜாக்கை எங்கே வைக்க வேண்டும்?

முன்னால் சஸ்பென்ஷன் தாங்கும் குறுக்குச் சட்டத்தின் நடுவில், பின்னால் டிஃபரன்ஷியலின் (பின் சக்கரங்களுக்குத் திறனைப் பிரித்துக் கொடுக்கும் பெட்டி) அடியில், பக்கவாட்டில் சில்லின் அடியில் வெட்டுக் குறி உள்ள இடங்களில். காரின் அடியில் நீளவாக்கில் ஓடும் இரண்டு மெல்லிய தண்டுகளைப் பார்த்து “இது உறுதியாக இருக்கும்போல” என்று அதில் வைக்காதீர்கள், நசுங்கிவிடும். சில் துருப்பிடித்த காரென்றால் ஜாக் உள்ளே போய்விடும், ஆகவே வாங்கும்போது சொன்ன சோதனையை முதலில் செய்யுங்கள்.

டயரில் எவ்வளவு காற்று? கடையில் 35 வைத்து அனுப்புகிறார்கள்.

என்ஏவுக்கு 26 பிஎஸ்ஐ. கேட்பவர்கள் நம்ப மாட்டார்கள், கதவு ஓரத்தில் ஒட்டியிருக்கும் தாளைக் காட்டுங்கள். சுமார் ஒரு டன் எடையுள்ள காருக்கு 35 வைத்தால் சின்னக் குழியிலும் துள்ளும், ஈரத்தில் பிடிப்பும் குறையும். கார் முரட்டுத்தனமாக இருக்கிறது என்று குறை சொல்பவர்களிடம் நான் முதலில் காற்றைத்தான் பார்க்கச் சொல்கிறேன்.

சரி, பராமரிப்பு போதும். காரை மேம்படுத்த வேண்டுமானால் எதில் தொடங்குவது?

டயரில். வேறு எதற்கும் முன் நான்கும் ஒரே பிராண்டாக, நல்ல டயர். அடுத்து நல்ல பிரேக் பேடு, புது பிரேக் ஆயில். மூன்றாவது, இந்தக் காரைத் தெரிந்த ஒருவரிடம் நான்கு சக்கர அலைன்மென்ட். முன்னும் பின்னும் கேம்பர் (சக்கரம் உள்ளே அல்லது வெளியே சாயும் கோணம்) உட்பட எல்லாவற்றையும் சரிசெய்ய வசதி கொடுத்திருக்கிறார்கள், சாதாரண கார்களில் இது அபூர்வம். முன்னால் சுமார் மைனஸ் 1 டிகிரி, பின்னால் அதைவிடக் கொஞ்சம் அதிகம் என்று வைத்தால் சாலைக்கு நன்றாக இருக்கும். பழைய காரில் அந்தச் சரிசெய்யும் போல்ட்கள் இறுகிப்போயிருக்கும், முதல் நாளே எண்ணெய் அடித்து ஊற வைத்துக் கொண்டுபோங்கள்.

இந்த மூன்றும் முடிந்த பிறகு ஷாக் அப்சார்பர், ரப்பர் புஷ்கள். முப்பது வருட ரப்பரை மாற்றிய காரை ஓட்டிப் பார்த்தால்தான், இத்தனை நாள் நீங்கள் ஓட்டியது இந்தக் கார் இல்லை என்பது தெரியும். பாலியூரிதேன் புஷ் வேண்டாம் என்பேன். சாலைக் காருக்கு அசல் ரப்பரே போதும்.

ஸ்பிரிங்கை மட்டும் மாற்றிக் காரைத் தாழ்த்தலாமா? பார்க்க நன்றாக இருக்குமே.

பார்க்க நன்றாக இருக்கும், உட்காரத்தான் முடியாது. இந்தக் காரில் சஸ்பென்ஷன் அமுங்க இருக்கும் தூரமே குறைவு. குட்டை ஸ்பிரிங் போட்டால் சின்ன மேட்டிலும் தடுப்பு ரப்பரில் போய் இடிக்கும். தாழ்த்தத்தான் வேண்டுமென்றால் ஸ்பிரிங்குக்குப் பொருத்தமான ஷாக் அப்சார்பரோடு, அளவாகத் தாழ்த்துங்கள். முடிந்ததும் மறுபடி அலைன்மென்ட்.

ஏர் ஃபில்டரும் சைலன்சரும் மாற்றினால் பவர் கூடுமா?

சத்தம் கூடும். பவர் கூடியதாகத் தோன்றுவதற்கு அந்தச் சத்தம்தான் காரணம். பானெட்டுக்குள் திறந்த ஃபில்டர் வைத்தால் ரேடியேட்டரைத் தாண்டி வரும் சூடான காற்றைத்தான் இழுக்கும், குறையவே வாய்ப்பு அதிகம். புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரை எடுத்துவிடலாமா என்று கேட்பவர்களுக்கு, அதோடு வந்த காரில் அது இல்லையென்றால் எம்ஓடியில் தோல்வி.

செலவில்லாமல் கொஞ்சம் துடிப்பு வேண்டுமானால் என்ஏவில் ஒரு வழி உண்டு. இக்னிஷன் டைமிங் ஆலையில் 10 டிகிரியில் வைக்கப்பட்டிருக்கும். மேலே சொன்ன கேம் சென்சாரைத் திருப்பி 14 வரை கொண்டுபோகிறவர்கள் பலர். டைமிங் லைட் இல்லாமல் கண்ணளவில் செய்யக்கூடாது, நாக்கிங் சத்தம் கேட்டால் குறைத்துவிட வேண்டும்.

டர்போ போட ஆசை. இஞ்சின் தாங்குமா?

அளவோடு தாங்கும். உள்சாமான்களை மாற்றாமல் சுமார் 200 குதிரைத்திறன் வரை போகலாம் என்பதுதான் இதில் ஊறியவர்களின் பொதுக் கருத்து. ஆனால் டர்போ மட்டும் செலவு இல்லை. இஞ்சின் கம்ப்யூட்டர், பெட்ரோல் இன்ஜெக்டர், கிளட்ச், ரேடியேட்டர் என்று வரிசையாக வரும். 1.6 காரின் டிஃபரன்ஷியல் சிறியது, அந்தத் திறனில் பல் உடையும். 1.8 காரின் பெரிய டிஃபரன்ஷியலைத் தேடிப் போட வேண்டியிருக்கும்.

கூலன்ட் ஓடும் பாதையும் ஒரு பிரச்சினை. இந்த இஞ்சின் குடும்பம் முதலில் மாஸ்டா 323 போன்ற முன்சக்கர இழுவைக் கார்களில் குறுக்காக உட்கார்ந்தது. இங்கே நீளவாக்கில் திருப்பியபோது, இடத்துக்காகத் தெர்மோஸ்டாட் வாயையும் முன்பக்கம் கொண்டுவந்தார்கள். உள்ளே போவதும் வெளியே வருவதும் முன்னாலேயே என்பதால் கடைசி சிலிண்டருக்குக் குளிர்ச்சி குறைவு. சாலையில் சாதாரணமாக ஓட்டினால் இது தெரியவே தெரியாது. டர்போவும் ரேஸ் டிராக்கும் சேர்ந்தால் கூலன்ட்டைப் பின்னாலிருந்து எடுக்கும் மாற்றுக் குழாய் வேலை தேவைப்படும். இவ்வளவும் கேட்டு ஆசை குறையவில்லையென்றால் செய்யுங்கள். 1.6 பிரேக்கையும் மறக்காதீர்கள், 1.8 காரின் பெரிய டிஸ்க், காலிப்பரை அதில் பொருத்த முடியும்.

டிராக்கில் ஓட்ட ரோல் பார் போட வேண்டுமா? சீட்டுக்குப் பின்னால் பளபளவென்று ஒன்று ஏற்கெனவே இருக்கிறதே.

அந்தப் பளபளப்பு பெரும்பாலும் அழகுக்கு. கவிழ்ந்தால் தலையைக் காக்கும் ரோல் பார் சேஸிஸில் போல்ட் போட்டு, பின்னோக்கி முட்டுக் கொடுத்து நிற்கும். உயரத்தைச் சோதிக்க, ஹெல்மெட்டோடு உட்கார்ந்துகொண்டு முன்கண்ணாடிச் சட்டத்தின் மேலிருந்து ரோல் பாரின் மேல்வரை ஒரு நீளக் குச்சியை வைக்கச் சொல்லுங்கள். ஹெல்மெட் அதற்குக் கீழே இருக்க வேண்டும். உயரமானவர்கள் சீட்டின் ஸ்பஞ்சைக் கொஞ்சம் வெட்டி எடுத்து இறங்கி உட்காருவார்கள்.

சாலையில் ஹெல்மெட் இல்லாமல் ஓட்டும்போது தலைக்கு அருகே இரும்புக் குழாய் இருப்பது தனி ஆபத்து. அதற்கான கெட்டி நுரை உறை கட்டாயம் போடுங்கள்.

ஹார்ட்டாப் (கழற்றி மாட்டும் கெட்டிக் கூரை) வாங்கினால் குளிர்காலம் முழுவதும் கவலையில்லையா?

கதகதப்பும் அமைதியும் நிச்சயம். எடை சுமார் 20 கிலோ, மாட்ட இரண்டு பேர் வேண்டும். என்ஏவுடையது என்பிக்கும், என்பியுடையது என்ஏவுக்கும் பொருந்தும். விலை ஏறிவிட்டதால் திருட்டும் உண்டு, பூட்டு போட்டுக்கொள்ளுங்கள். துணிக் கூரையை நன்றாகக் காயவைத்த பிறகே அடியில் மடித்து வையுங்கள். அப்புறம், ஹார்ட்டாப் இருந்தாலும் வடிகால் துளை வேலை போகாது.

குளிர்காலத்தில் ஓட்டாமல் நிறுத்தி வைப்பதா, ஓட்டுவதா?

வசதி இருந்தால் உப்பு போடும் மாதங்களில் நிறுத்துங்கள். டேங்க் நிரப்பி, ஆயில் மாற்றி, பேட்டரிக்கு மெல்லிய சார்ஜர் மாட்டி, கூரையை மூடிய நிலையில், ஹேண்ட்பிரேக் போடாமல் கியரில் நிறுத்தி, சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள். காற்றுப் புகாத பிளாஸ்டிக் உறை வேண்டாம், ஈரம் உள்ளேயே நிற்கும். ஓட்டித்தான் ஆக வேண்டுமென்றால் அடிப்பாகத்தையும் சக்கர வளைவுகளையும் தண்ணீர் விட்டு அடிக்கடி கழுவுங்கள். முன் சக்கர உறைக்குப் பின்னால் சேரும் மண்ணைக் கையால் எடுங்கள்.

கோடையில் உலர்ந்த நாளாகப் பார்த்து சில்லுக்குள் மெழுகுத் திரவம் அடிப்பது இதைவிடப் பெரிய வேலை. நீளக் குழாய் விட்டு உள்ளே அடிக்க வேண்டும். வெளியே கறுப்புப் பூச்சு மட்டும் பூசினால் உள்ளேயிருக்கும் ஈரத்தைப் பூட்டி வைத்தது போலாகும்.

மாற்றங்களை இன்சூரன்ஸுக்குச் சொல்ல வேண்டுமா? சக்கரம் மட்டும்தானே மாற்றினேன்.

சக்கரமும் மாற்றம்தான். சொல்லாமல் விட்டால் விபத்து நாளில் பணத்தைக் குறைக்கவோ மறுக்கவோ அது காரணமாகலாம். பழைய கார்களுக்கென்று உள்ள நிறுவனங்களில், மதிப்பை முன்கூட்டியே பேசி எழுதிக்கொள்ளும் வகைப் பாலிசி கேளுங்கள். இல்லையென்றால் நீங்கள் செலவழித்ததெல்லாம் கணக்கில் வராது, ஏதோ ஒரு பழைய காருக்கான தொகைதான் வரும். மாற்றும்போது கழற்றிய அசல் சாமான்களை வீசாதீர்கள், விற்கும்போது கேட்பார்கள்.

முப்பது வருடக் காருக்குச் சாமான் கிடைக்குமா?

தேய்மானச் சாமான்கள் தாராளமாகக் கிடைக்கின்றன. இத்தனை கார் விற்றதன் பலன் அது. மாஸ்டாவே 2017இல் ஜப்பானில் என்ஏவைப் புதுப்பித்துக் கொடுக்கும் திட்டத்தை அறிவித்து, கூரை, ஸ்டீயரிங், அந்தக் கால அளவு டயர் உட்பட நின்றுபோன சாமான்கள் சிலவற்றைத் திரும்பத் தயாரித்தது. கஷ்டம் உடல் தகடுகளிலும் உள்ளலங்காரத்திலும்தான். நல்ல நிலையில் ஒரு கதவு உறை கண்ணில் பட்டால் தேவையில்லாவிட்டாலும் வாங்கி வையுங்கள்.

ஊருக்குத் திரும்பும்போது சென்னைக்குக் கொண்டுபோகலாமா? ஈசிஆரில் ஓட்டினால் எப்படி இருக்கும்!

பிரமாதமாக இருக்கும், ஆனால் நடக்காது. இந்தியாவில் பழைய கார் இறக்குமதிக்குத் தயாரித்து மூன்று வருடத்துக்குமேல் ஆகியிருக்கக் கூடாது என்பது பொது விதி. என்ஏ, என்பி இரண்டுமே அதைத் தாண்டி வெகுகாலமாகிறது. புதுத் தலைமுறைக் காரைக் கொண்டுபோனாலும் தீர்வை காரின் விலையையே மிஞ்சும், மாஸ்டா இந்தியாவில் கார் விற்பதில்லை என்பதால் சாமானும் வெளிநாட்டிலிருந்துதான் வர வேண்டும். இலங்கையிலும் பழைய வாகன இறக்குமதிக்கு வயதுக் கட்டுப்பாடு இருக்கிறது.

கார்னே எனப்படும் சுங்க அனுமதிப் பத்திரம் எடுத்தால், வெளிநாட்டுப் பதிவோடு தற்காலிகமாகக் கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவரலாம். அதற்குக் கட்டும் உத்தரவாதத் தொகை, கப்பல் கூலி எல்லாம் கூட்டிப் பார்த்தவர்கள் பெரும்பாலும் அங்கேயே ஒரு ஜீப்பை வாடகைக்கு எடுத்துக்கொள்கிறார்கள்.